புற்றுநோய்ப் பிரிவில் முதல் வேலை: படிப்பை இப்போதுதான் முடித்த செவிலியர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிப்பை முடித்த கையோடு ஆன்காலஜி பிரிவில் சேர வேண்டும் என்று சொன்னால், "முதலில் இரண்டு வருஷம் ஐசியு பாருங்கள், அப்புறம் யோசிக்கலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். எனக்கும் அதுவே கிடைத்தது. அந்த அறிவுரையில் பாதிதான் சரி என்பது என் கருத்து. நேரடியாகச் சேரலாம், ஆனால் குறைந்தது மூன்று மாதங்களாவது ஓர் அனுபவமுள்ள செவிலியரின் கண்காணிப்பில் உங்களை வைத்துக் கற்றுக்கொடுக்கும் மருத்துவமனையாக அது இருக்க வேண்டும். பெயர், சம்பளம், ஊர் எல்லாவற்றையும் அதற்குப் பின்னால்தான் பார்க்க வேண்டும். வேலை தேடுகிற நாட்களில் எனக்கு இது போன்ற விவரங்களை ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லாததால், சீனியர்கள், வார்டு இன்சார்ஜ்கள், சம்பளப் பிரிவு ஊழியர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் சேகரிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜிஎன்எம் (செவிலியர் டிப்ளமோ) முடித்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. கவுன்சில் பதிவை முதலில் முடியுங்கள்

தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில், அதாவது நாம் சாதாரணமாகக் கவுன்சில் என்று சொல்கிற அமைப்பில், பதிவு செய்து ஆர்என் (பதிவுபெற்ற செவிலியர்), ஆர்எம் (பதிவுபெற்ற தாதி) எண்களைப் பெற்ற பிறகே நீங்கள் சட்டப்படி செவிலியராகப் பணியாற்ற முடியும். "பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்ற ரசீதை வைத்துக்கொண்டு சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் அப்படிச் சேர்கிறவர்களைப் பல மாதங்களுக்குப் பயிற்சியாளர் என்ற பெயரிலேயே வைத்து, குறைந்த உதவித்தொகை கொடுப்பார்கள். பிற்காலத்தில் அந்த மாதங்கள் அனுபவக் கணக்கிலும் வராமல் போகலாம். பதிவோடு சேர்த்துத் தேசிய அளவிலான தனி அடையாள எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், படிப்பு முடித்த சான்றிதழ், எல்லா ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், கவுன்சில் பதிவுச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், தடுப்பூசி அட்டை. அரசுப் பணிக்கும் விண்ணப்பிப்பதானால் சாதிச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழா நடந்து பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தற்காலிகச் சான்றிதழே போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் வந்து நிற்கும். பான் அட்டையில் வேறொரு வரிசை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கும்போதும், பாஸ்போர்ட் எடுக்கும்போதும், வெளிநாட்டு நிறுவனம் உங்கள் சான்றுகளைச் சரிபார்க்கும்போதும் இது கழுத்தைப் பிடிக்கும். வேலையில் சேர்ந்த பிறகு விடுப்பு எடுத்து அலைவதைவிட இப்போதே ஆதாரையும் பானையும் கவுன்சில் பதிவில் உள்ள பெயரோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுவது நல்லது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், பெங்களூரு கித்வாய் போன்ற வெளிமாநில மருத்துவமனைகளைக் குறிவைக்கிறவர்கள், தமிழ்நாட்டுக் கவுன்சிலிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிய வேண்டியிருக்கும். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே கடிதம் போய்வரும் வேலை என்பதால், நேர்காணல் முடிவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

2. ஹெபடைடிஸ் பி ஊசிக்கு ஆறு மாதம் தேவை

ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்க்கான இந்தத் தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதோடு முடிவதில்லை, கடைசி ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவைப் பார்த்து, அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால்தான் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கடைசி ஆண்டிலேயே தொடங்குங்கள். கல்லூரியில் ஏற்கெனவே போட்டிருந்தால் தேதிகள் எழுதிய அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "போட்டேன், அட்டை இல்லை" என்றால் பல இடங்களில் மறுபடி பணம் கட்டிப் போடச் சொல்வார்கள்.

3. எங்கே விண்ணப்பிப்பது

அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத்தான் போக வேண்டும். தேர்வில் தேறினாலும் எந்த ஊர், எந்த நிலையம் என்பது கலந்தாய்வில் முடிவாகும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவோ உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் தொகுப்பூதியம், அதாவது படிகள் எதுவும் இல்லாத ஒரே நிலையான தொகை, என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நார்செட் தேர்வைப் பி.எஸ்சி. முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜிஎன்எம் முடித்தவர்களுக்கு 50 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். மும்பை டாடா நினைவு மையம் போன்ற இடங்களின் நிரந்தரப் பணி அறிவிப்புகளிலும் இதே போலப் படுக்கை எண்ணிக்கையோடு அனுபவம் கேட்பது வழக்கம். அதனால் முதல் வேலைக்காகப் பத்துப் படுக்கை கொண்ட சிறு மையத்தில் சேர்ந்தால், உழைப்பு இருக்கும், பின்னால் அந்த அனுபவம் விண்ணப்பத்தில் செல்லாது. இந்த ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

புதியவர்களுக்கு நடைமுறையில் எளிதாகத் திறக்கும் கதவுகள் அறக்கட்டளை மருத்துவமனைகளும் தனியார் பெருமருத்துவமனைகளும்தான். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் நோயாளிக் கூட்டம் அதிகம், வேலை கடினம், ஆனால் ஓர் ஆண்டில் பார்க்கிற நோய்வகைகளை வேறு இடத்தில் மூன்று ஆண்டுகளிலும் பார்க்க முடியாது. தனியார் பெருமருத்துவமனைகளில் கருவிகளும் எழுத்துபூர்வமான நெறிமுறைகளும் நன்றாக இருக்கும். நிர்வாகத்துக்கான படிவங்களும் காப்பீட்டுக் காகிதங்களும் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைச் சாப்பிடும்.

எந்த இடமானாலும் ஏஜென்டுக்குப் பணம் கொடுத்துச் சேராதீர்கள். உள்ளூர் மருத்துவமனை வேலைக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பம் கொடுத்தாலே போதும்.

4. எந்தப் பிரிவு என்று கேட்டு வாங்குங்கள்

"ஆன்காலஜி" என்று நியமன ஆணையில் இருந்தால் மட்டும் போதாது. கீமோ டே கேர் (கீமோதெரபி மருந்தை ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் பிரிவு), உள்நோயாளி வார்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வார்டு, கதிர்வீச்சுப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவு, வலி நிவாரணப் பிரிவு என்று ஒவ்வொன்றும் தனி உலகம்.

புதியவர்களுக்கு உள்நோயாளி வார்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். டே கேரில் இரவு டியூட்டி கிடையாது என்பதால் எல்லோரும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் அங்கே நோயாளி காலையில் வந்து மருந்தை ஏற்றிக்கொண்டு மாலையில் போய்விடுவார். பத்து நாள் கழித்து வெள்ளணுக்கள் விழுந்து, காய்ச்சலோடு அவர் திரும்பி வருவதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். வார்டில் இருந்தால்தான், 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு வருகிற கீமோ நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது பாடப்புத்தக வரியாக இல்லாமல் கைப்பழக்கமாக மாறும். எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். அங்கே ஒரு செவிலியர் ஒன்றிரண்டு பேரையே ஆழமாகப் பார்ப்பார், அதற்கு அடிப்படை முன்பே இருக்க வேண்டும்.

5. நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். பெரும்பாலோர் சம்பளத்தைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுவோம். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

கீமோ மருந்தை யார், எங்கே கலக்குகிறார்கள்? இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. மருந்தகத்தில், அதற்கென்று அமைந்த உயிரியல் பாதுகாப்புக் கேபினட்டில், பயிற்சி பெற்றவர் கலந்து அனுப்புகிறார் என்றால் நல்லது. செவிலியர்களே கலக்க வேண்டும் என்றால் எந்தக் கருவியில் என்று கேளுங்கள். "லேமினார் ஃப்ளோ (வடிகட்டிய காற்றை ஒரே சீராக அனுப்பும் மேசை) இருக்கிறது" என்பதோடு திருப்தி அடையாதீர்கள். காற்றை மருந்தின் மேலாக உங்கள் முகத்தை நோக்கித் தள்ளுகிற கிடைமட்ட வகை, மருந்தைச் சுத்தமாக வைத்திருக்கும், கலக்குகிறவரைக் காப்பாற்றாது. வார்டு மேசையில், மின்விசிறிக்குக் கீழே, ஒற்றைக் கையுறையோடு கலக்கும் இடமாக இருந்தால் சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கழிவு எங்கே போகிறது? 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி கீமோ மருந்து பட்ட குப்பி, குழாய், பஞ்சு எல்லாம் சைட்டோடாக்சிக் (உயிரணுக்களுக்கு நஞ்சு) என்று குறியிட்ட மஞ்சள் பையில் தனியாகப் போக வேண்டும். வார்டைச் சுற்றிக் காட்டும்போது அந்தப் பை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மருந்து சிந்தினால் எடுக்கும் பெட்டி எங்கே இருக்கிறது என்று அங்குள்ள செவிலியரிடம் கேளுங்கள். அவர் தேடத் தொடங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுத்துபூர்வ நெறிமுறை உண்டா? டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து சிவப்பாக இறங்கிக்கொண்டிருக்கும். "எரியுது சிஸ்டர்" என்பார் நோயாளி. கேனுலாவை (ரத்தக் குழாயில் செருகிய சிறு குழாய்) சுற்றித் தோல் லேசாக உப்பியிருக்கும், அவ்வளவுதான். அந்த நொடியில் மருந்தை நிறுத்தி, கேனுலாவைப் பிடுங்காமல் அதன் வழியாகவே முடிந்த அளவு மருந்தை உறிஞ்சி எடுத்து, குளிர் ஒத்தடம் கொடுத்து, மருத்துவரை அழைக்க வேண்டும். வின்கிறிஸ்டின் என்ற வேறொரு கீமோ மருந்து கசிந்தாலோ வெதுவெதுப்பான உலர் ஒத்தடம். இரண்டையும் மாற்றிச் செய்தால் பாதிப்பு கூடும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் வார்டு, புதியவர்களைப் பற்றி யோசித்த வார்டு.

தனியாக எப்போது கீமோ ஏற்றச் சொல்வீர்கள்? "இரண்டு வாரத்தில் பழகிவிடும்" என்ற பதில் ஆபத்தானது. முதலில் பார்த்து, பிறகு உடனிருந்து செய்து, கையெழுத்திட்ட சரிபார்ப்புப் பட்டியல் முடிந்த பிறகு தனியாக என்று படிப்படியாகச் சொல்லும் இடம் நல்லது. ஒவ்வொரு கீமோவையும் இரண்டு செவிலியர்கள் சேர்ந்து பெயர், மருந்து, அளவு, வழி பார்த்துக் கையெழுத்திடுகிறார்களா என்றும் கேளுங்கள். இரவில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் இரண்டாவது கையெழுத்தை யார் போடுவார் என்பது அடுத்த கேள்வி.

கடும் வலிக்கான வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா? சுற்றி வளைத்த கேள்வி போலத் தோன்றும். மார்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவமனைகள் பெறுவதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தத்துக்குப் பிறகும், அங்கீகாரம் வாங்கி மார்ஃபின் வைத்திருக்க எல்லா மருத்துவமனைகளும் முயல்வதில்லை. வலியால் துடிக்கிற நோயாளிக்குக் கொடுக்க மருந்தே இல்லாத வார்டில் இரவு டியூட்டி பார்ப்பது எவரையும் சில மாதங்களில் உடைத்துவிடும்.

கர்ப்பமானால் கீமோ கையாளும் வேலையிலிருந்தும் கதிரியக்க அறையிலிருந்தும் மாற்றுவீர்களா? மணமாகாதவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆணையில் எழுதிக் கொடுக்காவிட்டாலும், நெறிமுறைப் புத்தகத்தில் உள்ளதா என்று பார்த்துவிடலாம். கதிர்வீச்சுப் பிரிவில் நியமனம் என்றால் உங்கள் பெயரில் தனி டிஎல்டி பேட்ஜ் (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் பட்டை) கொடுக்க வேண்டும், அதன் அளவீட்டு அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். இன்னொருவரின் பேட்ஜை அணிந்து வேலை செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

6. சம்பளம்: சொல்வது வேறு, கைக்கு வருவது வேறு

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 2016இல் தனியார் செவிலியர் ஊதியம் குறித்துப் பரிந்துரை செய்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மிகாமல் குறைவு. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மிகாமல் குறைவு. 50க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது பரிந்துரைதான், பல மருத்துவமனைகள் இதை எட்டவில்லை. ஆனாலும் பேரம் பேசும்போது இந்த எண்கள் கையில் இருப்பது நல்லது.

சம்பளம் 20,000 என்று சொன்னால் அதில் அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள். அடிப்படை 12,000 என்றால் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 1,440 ரூபாய் போகும். மாத ஊதியம் 21,000க்குள் இருப்பதால் இஎஸ்ஐ என்ற ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். மீதி 18,410. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 5,500 பிடித்தால் கையில் 12,910தான். மருத்துவமனை தன் பங்காகக் கட்டும் வைப்பு நிதியையும் சேர்த்துப் பெரிய எண்ணாகச் சொல்லும் வழக்கமும் உண்டு என்பதால், "பிடித்தமெல்லாம் போக வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும்?" என்றே நேராகக் கேளுங்கள்.

சேரும்போது ஆகும் செலவுக்கும் கொஞ்சம் பணம் வேண்டும். சீருடை, காலணி, விடுதி முன்பணம், உடற்தகுதிப் பரிசோதனை, அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றில் எதை அவர்கள் ஏற்கிறார்கள், எதை உங்கள் முதல் மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். முதல் சம்பளம் சேர்ந்த மாதமே வராமல் போகலாம். மாதத்தின் நடுவில் சேர்ந்தால் அடுத்த மாதத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

7. பாண்டும் ஒரிஜினல் சான்றிதழும்

ஓராண்டோ இரண்டாண்டோ இருப்பேன், முன்பே போனால் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதி வாங்குவது பரவலாக உள்ள வழக்கம். நல்ல பயிற்சி தருகிற இடத்தில் ஓராண்டு பாண்டு நியாயமானதே என்று நினைக்கிறேன். எப்படியும் முதல் ஓராண்டு நகரக் கூடாது. கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள். காலம் சேர்ந்த நாளிலிருந்து கணக்கா, பயிற்சிக் காலம் முடிந்த நாளிலிருந்தா? தொகை மாதம் செல்லச் செல்லக் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத்தொகையா? பிரிவை மாற்றிவிட்டால் என்ன? கீமோ வார்டு என்று சேர்த்து, மூன்றாம் மாதம் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிட்டால் பாண்டு மட்டும் அப்படியே நிற்கும்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோர முடியும். பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்க்க அவர்களுக்கு ஒரு நாள் போதும். நகல்களை எடுத்துக்கொண்டு ஒரிஜினலை அன்றே திருப்பித் தரச் சொல்லுங்கள். எந்த வகையிலும் தப்ப முடியாவிட்டால், என்னென்ன சான்றிதழ்கள், எந்தத் தேதியில் திருப்பித் தரப்படும் என்று எழுதி, முத்திரையும் கையெழுத்தும் உள்ள ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும்போது ஒரிஜினல் மருத்துவமனை பீரோவில் இருந்தால், அந்த வாய்ப்பு கையை விட்டுப் போகும்.

8. முதல் மூன்று மாதங்கள்

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு வரி: எந்தத் திரவத்தில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது, கசிந்தால் என்ன, முதலில் கவனிக்க வேண்டிய பக்கவிளைவு என்ன. வின்கிறிஸ்டின் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்: ரத்தக் குழாய் (சிரை) வழியாக மட்டும். முதுகுத் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிர் போகும் மருந்து அது. அதனால்தான் சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றச் சொல்கிறார்கள்.

கீமோ ஏற்றிய 48 மணி நேரம்வரை நோயாளியின் சிறுநீர், வாந்தி, மலம் எல்லாவற்றிலும் மருந்து இருக்கும் என்று எண்ணிக் கையுறையோடு கையாளுங்கள். துடைக்க வரும் பணியாளரிடமும் உடனிருக்கும் உறவினரிடமும் இதைச் சொல்வது உங்கள் வேலைதான். மார்ஃபின் வைத்துப் பூட்டிய அலமாரியின் சாவியை வாங்கும்போது, டியூட்டி மாறும் அவசரத்தில் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணி, இருப்பு சரியாக இருந்தால்தான் கையெழுத்து.

"அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் வராந்தாவில் வைத்துக் கெஞ்சுவார். உள்ளே போனால் அந்த அம்மா, "எனக்கு என்னம்மா வியாதி, நீயாவது சொல்லேன்" என்பார். இந்த நெருக்கடி முதல் வாரமே வரும். நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. பொய் சொல்லாமலும் முந்திக்கொள்ளாமலும், "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்களே கேளுங்கள், நானும் கூட இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நோயாளி கேட்டதை மருத்துவரிடம் அன்றே தெரிவியுங்கள். இதையெல்லாம் முறையாகக் கற்க இந்தியப் பாலியேட்டிவ் கேர் (வலி, துன்பம் தணிக்கும் பராமரிப்பு) சங்கத்தின் சான்றிதழ்ப் படிப்பு உதவும். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம்.

9. ஓராண்டு முடிந்ததும்

இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு ஆன்காலஜி நர்சிங் டிப்ளமோவில் சேரவும், பி.எஸ்சி. முடித்தவர்கள் எம்.எஸ்சி.யில் சேரவும் ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். வேலையை விடுவதானால் நோட்டீஸ் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்று ஆணையைப் பார்த்து, படிப்பின் சேர்க்கைத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கடிதம் கொடுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

அனுபவச் சான்றிதழைச் "செவிலியராகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியில் கொடுத்தால் ஏற்காதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பிரிவின் பெயர், மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, முழுநேரப் பணி என்ற குறிப்பு, கவுன்சில் பதிவு எண், கையெழுத்திட்டவரின் பதவி, மருத்துவமனையின் அலுவல் மின்னஞ்சல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தால் சரிபார்க்கும் நிறுவனம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் எழுதும். சம்பளப் பட்டியல்களையும் வைப்பு நிதி எண்ணையும் விலகும் முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விலகிய மறுநாள் மருத்துவமனையின் ஊழியர் தளத்தில் உங்கள் கணக்கு மூடப்பட்டிருக்கும்.